முதலில் வீட்டுக் கடனா, முதலில் புது வேலையா? கொன்ட்ராக்டில் இருக்கும் ஒரு தம்பிக்கு விரிவான பதில்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஆனால் தொழிற்சாலையின் நேரடி ஆள் இல்லை. ஏஜென்ட் மூலம் ஓராண்டு கொன்ட்ராக்ட். மூன்று முறை புதுப்பித்திருக்கிறார்கள், இப்போதையது முடிய இன்னும் 5 மாதம். அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளி (ரிங்கிட்), ஷிஃப்ட் அலவன்ஸ் 300, ஓவர்டைம் சராசரியாக 900. இன்னொரு தொழிற்சாலை நிரந்தர வேலை தருகிறது: அடிப்படை 2,900, அலவன்ஸ் 200, ஓவர்டைம் இல்லை, 6 மாதம் தகுதிகாண் காலம். காருக்கு மாதம் 620 வெள்ளி கட்டுகிறார், இன்னும் 14 மாதம் பாக்கி. பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடனுக்கு 150. புதிய தாமான் ஒன்றில் 250,000 வெள்ளிக்கு ஒற்றை மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அப்பா அம்மா தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறார்கள். தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. மனைவி ஒரு தனியார் பாலர் பள்ளியில் ஆசிரியை.

அவர் கேட்பது இதுதான்: இந்த வேலையில் இருக்கும்போதே கடன் கேட்டுவிட்டு அப்புறம் மாறுவதா, மாறிவிட்டுக் கேட்பதா?

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேலையை மாற்றுங்கள். புது வேலையில் உறுதிக் கடிதம் கையில் வந்த பிறகு கடன் கேளுங்கள். அதுவரை வீட்டுக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். ஏன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். நான் 22 வருடம் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவன், நானும் இதே பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன என்பதை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இப்போது மாதம் ஏறக்குறைய 3,100 வெள்ளி வருகிறது. புது வேலையில் 2,740 வெள்ளிதான் வரும். வீட்டில் எல்லாரும் "குறைந்த சம்பளத்துக்கு யாராவது போவார்களா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் வங்கி உங்கள் கையைப் பார்ப்பதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பொறுப்பான கடன் வழங்கல் விதிகள் 2012 ஜனவரியில் நடப்புக்கு வந்ததிலிருந்து, பிடித்தங்கள் போக மிஞ்சும் வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதிலும் நிலையான வருமானம் ஒரு கணக்கு, ஏறி இறங்கும் வருமானம் ஒரு கணக்கு. அடிப்படைச் சம்பளத்தை முழுசாக எடுத்துக்கொள்வார்கள். ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ் போன்றவற்றைச் சில மாதச் சராசரி பார்த்து, அதிலும் ஒரு பகுதியைத்தான் ஏற்பார்கள். எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்காகப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை, சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் இபிஎஃப் அறிக்கையைத் திறந்தால் 2,500 வெள்ளிச் சம்பளக்காரருக்கான சந்தாதான் தெரியும். கடன் அதிகாரி சம்பளச் சீட்டையும் இபிஎஃப் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சீட்டு 3,400 என்கிறது, அறிக்கை 2,500 என்கிறது. அவர் எதை நம்புவார்? திருத்த முடியாததைத்தான் நம்புவார்.

சரி, கணக்கைப் போடுவோம். இப்போதைய வேலையில் அடிப்படை 2,200, மற்ற 1,200இல் பாதி 600, மொத்தம் 2,800. இபிஎஃப் 11 விழுக்காடு, பெர்கேசோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 போனால் 2,500. வீட்டு விலையில் 90 விழுக்காடு, அதாவது 225,000 வெள்ளிக் கடன். வட்டி 4 விழுக்காடு, 35 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 996 வெள்ளி. அதோடு கார் 620, பிடிபிடிஎன் 150. ஆகக் கூடி 1,766. இந்த 1,766ஐ 2,500ஆல் வகுத்தால் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதைத்தான் வங்கியில் டிஎஸ்ஆர் என்கிறார்கள், கடன் கட்டவே வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்ற விகிதம். ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கும்; உங்கள் வருமானத்தில் இருப்பவருக்கு 70க்கு மேல் என்றால் பெரும்பாலும் கதவு திறக்காது. அதோடு 5 மாதத்தில் முடியப்போகும் கொன்ட்ராக்ட் வேறு.

புது வேலையில் அடிப்படை 2,900, அலவன்ஸில் பாதி 100, பிடித்தம் 360 போனால் 2,640. அதே 1,766ஐ வகுத்தால் 67 விழுக்காடு. கையில் வாங்குவது 360 வெள்ளி குறைகிறது, வங்கியின் கணக்கிலோ உங்கள் வருமானம் 140 வெள்ளி கூடுகிறது. இது ஒன்றும் தந்திரமில்லை. ஓவர்டைம் ஆர்டர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 35 வருடத் தவணையை அதன் மேல் கட்டி எழுப்ப வங்கி தயங்குவது நியாயம்தான்.

அந்தக் காரை இப்போது பாருங்கள். தகுதிகாண் காலம் முடியும்போது காருக்கு 8 தவணைதான் மிஞ்சும், 4,960 வெள்ளி. அதைச் சேமிப்பிலிருந்து அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் மாதக் கடமை 1,146 ஆகிவிடும், விகிதம் 43 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வேலை மாற்றத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் காரைப் பற்றி யோசிப்பதே இல்லை. நான் பார்த்து நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களில் வேலையால் போனதைவிடக் காரால் போனது அதிகம். நம் பையன்கள் முதல் சம்பளம் வாங்கியதும் முதலில் எடுப்பது கார். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்திலிருந்து கூலிமுக்கு நள்ளிரவு ஷிஃப்ட் போக வேண்டுமென்றால் கார் தேவைதான். ஆனால் அடைத்து முடிக்கும் தருவாயில் புதுக் கார் மாற்றுவது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, வீடு வாங்கும்வரை தயவுசெய்து அதை ஒத்திப்போடுங்கள்.

இனி கொன்ட்ராக்ட் விஷயம். "கொன்ட்ராக்ட் ஆளுக்கு வங்கி கடன் தராது" என்று காபிக்கடையில் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஒரே தொழிலில், இடைவெளி இல்லாமல், இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்ட கொன்ட்ராக்ட் என்றால் பல வங்கிகள் ஏற்கும். சிக்கல் கொன்ட்ராக்டில் இல்லை, அது தாளில் எப்படித் தெரிகிறது என்பதில்தான் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் வேலை செய்கிறவர்களுக்குப் பாதி நேரம் நடப்பது இதுதான்: ஆள் நான்கு வருடமாக ஒரே இயந்திரத்தின் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் தொழிற்சாலை ஏஜென்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது. இபிஎஃப் அறிக்கையில் முதலாளி பெயர் மூன்று முறை மாறியிருக்கிறது, நடுவில் ஒரு மாதச் சந்தா வேறு காணோம், ஏனென்றால் பழைய கொன்ட்ராக்ட் முடிந்து புதியது தொடங்க மூன்று வாரம் ஆகிவிட்டது. கடன் அதிகாரிக்கு இவர் மூன்று வேலை மாறியவர், ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தவர். அவர் உள்ளூர் ஆளாக இருந்தால் புரிந்துகொள்வார். விண்ணப்பங்கள் இப்போது பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம் ஒரு மையத்தில்தான் பார்க்கப்படுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கூலிமில் ஏஜென்ட் முறை எப்படி ஓடுகிறது என்பது தெரிய வேண்டுமென்ற கட்டாயமில்லை. நீங்கள்தான் தெரியப்படுத்த வேண்டும். அதற்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தொழிற்சாலையில் இந்தப் பணியில் தொடர்ந்து இருந்துவருகிறார் என்று ஏஜென்டோ தொழிற்சாலையோ எழுதித் தருவது. அதோடு முந்தைய கொன்ட்ராக்ட் தாள்கள் அத்தனையும். கையெழுத்துப் போட்டதும் அலமாரிக்குள் எங்கோ போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

வங்கி தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். விண்ணப்பத்தில் தொழிற்சாலையின் பெயரை எழுதியிருப்பீர்கள், அவர்கள் தொழிற்சாலை மனிதவளப் பிரிவைக் கூப்பிடுவார்கள், "அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை" என்று பதில் வரும். பொய் சொன்னவர் கணக்கில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். முதலாளி யார் என்ற இடத்தில் சம்பளச் சீட்டில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும்.

வேலை மாறுவதால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். மாறுவது குற்றமில்லை. அதே துறையில், அதே அல்லது கூடிய அடிப்படைச் சம்பளத்துக்கு, ஒரு மாதம்கூட இபிஎஃப் விடுபடாமல் மாறினால், சில வங்கிகள் மூன்று மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் பார்க்கத் தொடங்கும், தகுதிகாண் காலம் முடியாவிட்டாலும்கூட. டெக்னீஷியன் டெக்னீஷியனாகவே போகிறார் என்றால் அது முன்னேற்றம். டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டுக் காப்புறுதி விற்கப் போனால், கமிஷன் வருமானம் என்பதால் வங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்லும். உங்கள் விஷயத்தில் மூன்று மாதத்திலேயே முயற்சி செய்யலாம்தான். நான் ஏன் ஆறு மாதம் வரை நிற்கச் சொல்கிறேன் என்றால், காரும் அந்தச் சமயத்தில்தான் கைக்கு அடக்கமான தொகைக்கு இறங்குகிறது, அதோடு தகுதிகாண் காலத்தில் வேலை நிலைக்குமா என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரியாது. வங்கி துணிந்தாலும் நீங்கள் துணியக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நடுவில் மாறுவதுதான். இதை நான் பட்டுச் சொல்கிறேன். 1996இல் நான் வங்கியில் சேர்ந்திருக்கவில்லை, ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பழைய வீடு ஒன்றை வாங்க எஸ் அண்ட் பி (விற்பனை ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டு 10 விழுக்காடு கட்டிவிட்டேன். கடனும் ஒப்புதல் ஆகிவிட்டது. வங்கி இன்னும் பணத்தை விடவில்லை. அந்த நேரத்தில் 150 வெள்ளி கூடுதலாகத் தருகிறார்கள் என்று வேறு தொழிற்சாலைக்குப் போனேன், வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. பணம் விடுவதற்கு முன்னால் பழைய இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அவர் போன மாதமே போய்விட்டாரே." கடன் ஒப்புதல் ரத்து. வேறு வங்கி தேடுவதற்குள் கெடு முடிந்தது. கட்டிய 10 விழுக்காடு போனது. அதில் பாதி, அப்பா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த இபிஎஃப் பணம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒப்புதல் கடிதம் என்பது பணம் இல்லை. அந்தக் கடிதத்திலேயே, உங்கள் நிலைமை மாறினால் வங்கி திரும்பப் பெறலாம் என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து கடன் தாள்களில் கையெழுத்தாகி, பணம் விடுவிக்கத் தொடங்கும்வரை வேலையில் கை வைக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் மாற நேர்ந்தால், புது வேலைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீங்களே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் கண்டுபிடிப்பதற்கும் நீங்கள் சொல்வதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

வீட்டு மேம்பாட்டாளரிடமிருந்து புது வீடு வாங்கினால் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் நிழல் தருகிறது. தரை வீடுகளுக்கான ஒப்பந்தம் அட்டவணை ஜி என்ற அரசாங்கப் படிவத்தில்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு விதி: வருமானம் போதாமல் கடன் கிடைக்கவில்லை என்று சான்றோடு காட்டினால், மேம்பாட்டாளர் விலையில் 1 விழுக்காட்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பித் தர வேண்டும். 250,000 வெள்ளி வீட்டுக்கு 2,500 வெள்ளி. எஸ் அண்ட் பி கையெழுத்துக்கு முன்னால் "புக்கிங்" என்று பணம் வாங்குவதையும் சட்டம் அனுமதிப்பதில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று வழக்கறிஞரிடம் சொல்லி எழுத்தில் போட வைக்க வேண்டும். 1996இல் எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இபிஎஃப்பில் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். 2024 மே மாதத்திலிருந்து சந்தா மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்கு. வீட்டுக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்துதான். ஆனால் அதை எடுக்க எஸ் அண்ட் பியும் கடன் தாள்களும் காட்ட வேண்டும். அதாவது முதல் 10 விழுக்காட்டை எப்படியும் கையிலிருந்து போட்டுவிட்டு, அப்புறம்தான் இபிஎஃப் பணம் வரும். வேலை மாறும் இந்த ஆறு மாதத்தை அந்தக் கைப்பணத்தைச் சேர்க்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு என்பதால் 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு இருக்கிறது, கையெழுத்துப் போடும் நேரத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியையும் சேர்த்துக் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குச் சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது, இபிஎஃப் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வங்கியின் கண்ணுக்கு அவருக்கு வருமானமே இல்லை. வீட்டுக் கடனுக்காக மட்டும் இல்லை, அவருடைய முதுமைக்காகவும் இதைச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் கொன்ட்ராக்டில் இருந்தாலும் முதலாளி இபிஎஃப் கட்டியே ஆக வேண்டும்; 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. பாலர் பள்ளி நடத்துகிறவரிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கட்டும், மசியாவிட்டால் இபிஎஃப் அலுவலகத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது. உங்கள் வருமானமே போதும் என்றால் அவரைச் சேர்க்காமல் விடுவதில் ஒரு நன்மையும் உண்டு: முதல் வீடு வாங்குகிறவர் என்ற சலுகை அவர் பெயரில் அப்படியே நிற்கும்.

அப்பாவைச் சேர்ப்பது வேண்டாம். கடன் காலம் 35 வருடம் அல்லது 70 வயது, எது முந்துகிறதோ அதுவரைதான். வயதானவரைக் கூட்டாளியாகப் போட்டால் அவர் வயதை வைத்துக் காலத்தைச் சுருக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. தவணை எகிறிவிடும்.

உங்களுக்கு இருப்பதுபோல் சம்பளச் சீட்டுகூட இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். செம்பனைப் பழம் ஏற்றும் லாரி வைத்திருப்பவர், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடுகிறவர், உணவு டெலிவரி ஓட்டுகிறவர். அவர்களுக்கு முதல் வேலை, வருகிற பணத்தை வங்கியில் போட்டு எடுப்பது. கையில் வாங்கிக் கையில் செலவழித்தால் மாதம் 6,000 வெள்ளி சம்பாதித்தாலும் தாளில் சுழியம். எஸ்எஸ்எம்மில் (நிறுவன ஆணையத்தில்) வியாபாரப் பதிவு, வருமான வரிக்குப் பி படிவம், குறைந்தது ஆறு மாத வங்கி அறிக்கை, இவை இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் படிவம் அனுப்புங்கள், அந்தத் தாள்தான் உங்கள் சம்பளச் சீட்டு. நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கென்றே எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 2008இல் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. 500,000 வெள்ளி வரை அரசாங்கம் வங்கிக்கு ஈடு நிற்கிறது. கடன் கட்டத் தவறினால் பொறுப்பு உங்களுடையதுதான், ஆனால் சம்பளச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நம் ஊர்களில் இதைப் பயன்படுத்தித் தகுதி பெறக்கூடியவர்கள் எத்தனையோ பேர், கேள்விப்படாமலேயே வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு எல்பிபிஎஸ்ஏ என்ற அரசாங்க வாரியத்தின் வீட்டுக் கடன் இருக்கிறது, ஆனால் அது நிரந்தரப் பதவி உறுதியானவர்களை மனதில் வைத்து அமைந்தது. சிங்கப்பூர் சம்பளக்காரர்கள் வேலை பெர்மிட்டையும் சிபிஎஃப் (சிங்கப்பூரின் சேமநிதி) அல்லது வங்கி அறிக்கையையும் காட்டி இங்கே கடன் எடுக்கலாம், நாணய மாற்று ஏற்ற இறக்கத்துக்காகக் கொஞ்சம் கழித்துக் கணக்கிடுவார்கள்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாரா அதை இலவசமாகத் தருகிறது. கடந்த 12 மாதத் தவணைகளை எப்படிக் கட்டினீர்கள் என்பது மாதவாரியாக அதில் தெரியும்; பிடிபிடிஎன்னும் அதில் வரும். வேலை மாறும்போது சம்பளக் கணக்கு வேறு வங்கிக்குப் போகும், பழைய கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த கார் தவணை பணமில்லாமல் நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்துத்தான் கவனிப்பார்கள். நல்ல வேலைக்குப் போயும் கடன் கிடைக்காமல் போனவர்களில் சிலர் இப்படி மாட்டியவர்கள். தானியங்கிக் கட்டணங்களை முதல் மாதமே மாற்றிவிடுங்கள். கடன் ஏற்கெனவே தலைக்கு மேல் போயிருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம், 2006 முதல் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

கொன்ட்ராக்டிலேயே இருந்துகொண்டு வீடு வாங்கினால் என்ன என்ற யோசனை இன்னும் மனதில் இருந்தால் இதையும் எண்ணிப் பாருங்கள். மாதம்தோறும் வேலைக் காப்புறுதிக்குப் பிடிக்கிறார்கள் அல்லவா, ஆட்குறைப்பில் வேலை போனால் அதிலிருந்து ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும், முதல் மாதம் காப்புறுதிக் கணக்கில் வரும் சம்பளத்தின் 80 விழுக்காடு, அப்புறம் படிப்படியாகக் குறையும். ஆனால் கொன்ட்ராக்ட் காலம் முடிந்து வேலை போனால் அது ஆட்குறைப்பு இல்லை, அந்த உதவி கிடைக்காது. வீட்டுத் தவணை மட்டும் நிற்காது. மூன்று மாதம் தவறினால் வங்கி அதை வாராக் கடனாக எடுத்துக்கொள்ளும். எந்த வேலையில் இருந்தாலும் ஆறு மாதத் தவணை, உங்களுக்கு 6,000 வெள்ளி, தனியாக ஒதுக்கிவைத்த பிறகே சாவி வாங்குங்கள்.

கடைசியாக லயன் வீட்டு விஷயம். நீங்கள் அவசரப்படுவதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று புரிகிறது. நம் அப்பாக்கள் காலத்தில் வேலை இருந்தால் வீடு இருந்தது, வேலை போனால் வீடும் போனது. 40 வருடம் ஒரே இடத்தில் பால் வெட்டியவருக்கும் கையில் ஒரு பட்டா கிடையாது. அந்தப் பயம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தோட்டம் கைமாறும் என்ற பேச்சுக்கே பயந்து, தயாராகாத கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். 1980ஆம் ஆண்டு வேலைநீக்க விதிமுறைகளின்படி, தோட்டம் விற்கப்பட்டால் புது முதலாளி 7 நாளுக்குள், இருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடர அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அது வேலைநீக்கம். 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். அப்பா தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கத்திடம் பேசட்டும், இல்லாவிட்டால் கூலிமில் தொழிலாளர் இலாகாவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்தில் வரும்வரை யாரும் லயத்தைக் காலி செய்ய வேண்டாம். வீட்டுக்கு ஈடு, மாற்றிடம் என்று எது பேசினாலும் எழுத்தில் வாங்குங்கள். தோட்டம் கைமாறி அந்தத் தொகை வந்தால் அப்பா அதை உங்கள் முன்பணத்துக்குத்தான் நீட்டுவார். அதை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். வாங்கினால் கடன் ஒப்புதல் ஆகி, வேலையும் உறுதியான பிறகு வாங்குங்கள்.

புது வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. அடிப்படைச் சம்பளம் 2,900 என்பது கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறதா, இல்லை, 2,300 அடிப்படை, மிச்சம் ஏதோ அலவன்ஸ் என்று பிரித்திருக்கிறார்களா? பிரித்திருந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். அடுத்து, தகுதிகாண் காலம் முடிந்ததும் உறுதிக் கடிதம் எழுத்தில் தருவார்களா? சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள்.

அப்புறம், நான் சொன்ன அந்த ஏஜென்ட் கடிதம். நான்கு வருடத் தொடர்ச்சியைக் காட்டும் கடிதம் புது வேலைக்குப் போன பிறகும் வேண்டும், ஏனென்றால் வங்கி பழையதையும் சேர்த்துத்தான் பார்க்கும். ராஜினாமா கடிதம் கொடுக்கிற அன்றே இதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டின் ஆப்பில் உங்கள் கணக்கை மூடிவிட்டால், அப்புறம் அந்தச் சீட்டுகளை யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது.